தங்கத் தாம்பாளத்தில் வந்த அத்தாட்சி

முன்னொரு காலத்தில், மூக்குக்கு மேல் கோபமும் மூக்குக்குக் கீழ் மீசையுமாக ஒரு ராஜா இருந்தார். செண்டலங்கார பூபதி என்று பேர். மீசை என்றால் சாதாரண மீசையா? வலது நுனி அந்தப்புரத்தில் இருக்கும், இடது நுனி கொலுமண்டபத்தில் இருக்கும். நடுவில் இரண்டு சேவகர்கள் அதைத் தாங்கிக்கொண்டு நடப்பார்கள். அவர் தும்மினால் மூன்று கோட்டை வாசலுக்கு அப்பால் போகிற தயிர்க்காரி தலைச்சுமையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். அந்த நாட்டின் பேரை மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

அப்பேர்ப்பட்ட ராஜாவின் உயிர் அவர் உடம்பில் இல்லை; ஒரு குதிரையிடம் இருந்தது. சண்டமாருதம் என்று பேர். கடல் தாண்டி வந்த வெள்ளைக் குதிரை. அது ஓடினால் அதன் நிழல் மறுநாள்தான் வந்து சேரும் என்பார்கள்.

ஒருநாள் வேட்டையில் காட்டுப்பன்றி ஒன்று ராஜாவைத் துரத்தியது. சண்டமாருதம் ஒரே தாவில் பள்ளத்தைத் தாண்டி அவரை அரண்மனை வாசலில் கொண்டுவந்து இறக்கியது. இறங்கிய ராஜாவுக்கு நன்றி பெருக்கெடுத்துவிட்டது. ராஜாக்களுக்குக் கோபம் வந்தால்கூடச் சமாளிக்கலாம், நன்றி வந்தால்தான் ஆபத்து.

“இன்று முதல் சண்டமாருதமும் நாமும் ஒன்று!” என்று சபையில் முழங்கினார். “நாம் உண்பதையே அதுவும் உண்ணும். நாம் உண்ணும் வேளையில்தான் உண்ணும். எமக்குப் பக்கத்தில் அதற்கும் இலை போடுங்கள். வழியோரப் புல்லைக் கொறிக்கும் இழிவு இனி அதற்கு வேண்டாம்!”

“ஆகா! கர்ணனே தோற்றான்!” என்று முதலில் கைதட்டியவர் மடைப்பள்ளி அதிகாரி அமிர்தகடேசர். ராஜாங்கச் சமையல் முழுவதும் அவர் கையில். அதில் பாதி அவர் வயிற்றில். அவர் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் எதிரே வருகிற தேர் நின்று வழிவிட வேண்டும்.

“தர்ம சிந்தனை!” என்று இரண்டாவதாகத் தட்டியவர் ராஜவைத்தியர் நாகலிங்கப் பண்டிதர். அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு மருந்து. ராஜா விருந்துக்குப் பின் வயிற்றைத் தடவினால் ஒரு கிண்ணம் கஷாயம் கொடுப்பார். குடித்த மாத்திரத்தில் ராஜா வாந்தி எடுப்பார். எடுத்ததும் “அப்பாடா” என்பார். அந்த ஒரு “அப்பாடா”வில் பண்டிதர் பதினெட்டு வருஷம் காலம் தள்ளிவிட்டார்.

கைதட்டாதவர் ஒருவர்தான். அரண்மனை விகடர் ஆவுடையப்பர். ஒல்லியான மனிதர், நீண்ட கழுத்து. ராஜாவுக்குக் கோபம் வரும்போதெல்லாம் அந்தக் கழுத்து தானாக அரிக்கும். அன்றைக்கும் லேசாக அரித்தது. ஆனால் ராஜா சந்தோஷமாக அல்லவா இருக்கிறார், இது என்ன அரிப்பு என்று சொறிந்துகொண்டு பேசாமல் இருந்துவிட்டார். அந்த ஒரு தரம் அவர் வாயை மூடிக்கொண்டதுதான் வினையாகப் போயிற்று.

மூன்று நாள் சமபந்தி நடந்தது. விருந்து மண்டபத்தில் ராஜாவுக்கு ஓர் இலை, குதிரைக்கு ஓர் இலை. குதிரை முதலில் இலையைத் தின்றது. அப்புறம் இலையில் விழுந்த சர்க்கரைப் பொங்கலைத் தின்றது. அதிரசம் நூற்றெட்டு, வடை இருநூற்றுப் பதினாறு, நெய் ஓர் அண்டா. பக்கத்தில் உட்கார்ந்த மந்திரியின் உத்தரீயத்திலும் பாதி போயிற்று. இப்படிக் காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை. இடையில் ஒரு புல்லுகூடக் கிடையாது.

நாலாம் நாள் விடிந்தபோது சண்டமாருதம் தரையைக் காலால் பறண்டியது. திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தது. உடம்பெல்லாம் வேர்வை. படுத்தது, புரண்டது, எழுந்தது, மறுபடி படுத்தது.

லாயத்துக்கு ஓடிவந்தார் ராஜா. அவர் அழுத அழுகையில் மீசை நனைந்து கனம் தாங்காமல் சேவகர்கள் தள்ளாடினார்கள். பின்னாலேயே பண்டிதர் வந்தார். அவருக்குப் பின்னால் பன்னிரண்டு குடம் கஷாயம் வந்தது.

“கவலை வேண்டாம் பிரபு. அரசர் உண்டதைக் குதிரை உண்டது. அரசர் குடிக்கும் மருந்தைக் குதிரையும் குடிக்கட்டும். வாய் வழியே போனது வாய் வழியே வந்துவிடும்.”

குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த லாயத் தலைவர் மீராக்கனி ராவுத்தர் துடித்துப்போனார். நாற்பது வருஷமாகக் குதிரைகளோடு வாழ்கிறவர். மனிதர்களோடு பேசும்போதுகூட நடுநடுவே நாக்கால் ‘ட்ச், ட்ச்’ என்று சத்தம் கொடுப்பார்.

“வேண்டாம் மகாராஜா! ட்ச்! குதிரைக்கு வாந்தி வராதுங்க. உள்ளே போனது அந்த வழியாத் திரும்பாது. ஏற்கனவே வயிறு நெறஞ்சு கெடக்கு. இதையும் ஊத்தினா வயிறு வெடிச்சுப் போயிரும்!”

“வாய் இருக்கிற பிராணிக்கு வாந்தி வராதாம்!” என்று பண்டிதர் சிரித்தார். “பிரபு, இவன்தான் எதையோ தின்னக் கொடுத்திருக்கிறான். மருந்து உள்ளே போனால் குட்டு வெளியே வந்துவிடும் என்று பயப்படுகிறான்.”

ராஜாவின் மீசை இரண்டு பக்கமும் விறைத்தது. “ராவுத்தன் தலையை…” என்று ஆரம்பித்தார்.

ஆவுடையப்பருக்குக் கழுத்து அரித்த அரிப்பில் இரண்டு கையும் போதவில்லை. ஆனாலும் இந்தத் தரம் வாயை மூடிக்கொள்ள மனசு வரவில்லை. ராவுத்தரும் அவரும் இருபது வருஷச் சிநேகம். ஒரே வெற்றிலைப் பெட்டியில் கைவிட்டவர்கள்.

“அரசே, ராவுத்தர் சொல்வது சத்தியம். குதிரையின் வயிறு வேறு, தங்கள் வயிறு வேறு.”

“அப்படியானால் விகடரே பொறுப்பு ஏற்கட்டுமே!” என்றார் அமிர்தகடேசர், ஓர் அதிரசத்தை மென்றுகொண்டே. அவருக்கும் பண்டிதருக்கும் ஆவுடையப்பர் மேல் வெகுநாள் எரிச்சல். ராஜா இவர்கள் பேசும்போது கொட்டாவி விடுவார், அவர் பேசும்போது சிரிப்பார். வேறு காரணம் வேண்டுமா?

ராஜா ஆவுடையப்பரைத் திரும்பிப் பார்த்தார்.

“காதால் கேட்டால் நம்ப மாட்டோம். கண்ணால் கண்டால்தான் நம்புவோம். இந்தக் குதிரையின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று எமக்குக் காட்டு. ஆனால் அதன் மேல் ஒரு கீறல் விழக்கூடாது, ஒரு ரோமம் உதிரக்கூடாது. உச்சிப் பொழுதுக்குள் காட்டாவிட்டால் பண்டிதரின் மருந்து உள்ளே போகும்.” பிறகு சேவகன் கையிலிருந்த பெரிய தங்கத் தாம்பாளத்தை வாங்கி நீட்டினார். “காட்டிவிட்டாலும் அதோடு விட்டுவிட மாட்டோம். பொழுது சாய்வதற்குள் நம் குதிரை பிழைத்தது என்பதற்கு அத்தாட்சியை இந்தத் தாம்பாளத்தில் வைத்துச் சபைக்குக் கொண்டுவா. நம் இரு கைகளாலும் வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொள்வோம். இல்லையேல், இதே தாம்பாளத்தில் உன் தலை வரும்.”

“எனக்குத் தாம்பாளம் பெரிசுதான் அரசே. என் தலைக்கு ஒரு கிண்ணம் போதும்” என்றார் ஆவுடையப்பர். யாரும் சிரிக்கவில்லை. அவருக்கே சிரிப்பு வரவில்லை.

எல்லோரும் போனபின் இரண்டு பேரும் லாயத்தில் நின்றார்கள்.

“ஓய் ராவுத்தரே, நான் இதுநாள் வரைக்கும் குதிரைக்கு வெளியேதான் இருந்திருக்கேன். உள்ளே அப்படி என்னதான்யா இருக்கு? சுருக்கமாச் சொல்லும்.”

“சுருக்கமாவா? மொத்தம் அறுபது எழுபது முழக் குடலுய்யா அது!” ராவுத்தர் குதிரையை மெள்ள நடத்திக்கொண்டே பேசினார். “இம்மாம் பெரிய ஒடம்புக்கு இரைப்பை எவ்வளவு தெரியுமா? ஒரு பூசணிக்கா. அதுவும் சுமாரான பூசணிக்கா. அதான் பகல் பூரா, ராத்திரியிலயும் பாதி, கொஞ்சம் கொஞ்சமாக் கொறிச்சுக்கிட்டே இருக்கும். தின்னாலும் தின்னாட்டாலும் உள்ளே புளிப்புத் தண்ணி ஊறிக்கிட்டே கெடக்கும். மென்னாத்தான் எச்சில் வரும், எச்சில் எறங்கினாத்தான் புளிப்பு அடங்கும். ராஜா மாதிரி ரெண்டு வேளை தின்னுட்டுச் சும்மா நிக்கிற வயிறா இது?”

“வாந்தி ஏன் வராது?”

“இரைப்பை வாசல்ல ஒரு கதவு இருக்கு. உள்பக்கமாத்தான் தெறக்கும். உள்ளே நெருக்க நெருக்க அது இன்னும் இறுகும்.”

“சரி, அப்புறம்?”

“அப்புறம் சிறுகுடல், ஒரு அம்பது முழம். அதைத் தாண்டினா பெரிய சாக்கு ஒண்ணு. வீட்டுல மாவு புளிக்கிற மாதிரி அங்கதான் புல்லு ஊறிப் புளிக்கும். பெறகுதான் சத்து எறங்கும். புல்லுக்குப் பழகின சாக்குல திடுதிப்னு சர்க்கரைப் பொங்கலைக் கொட்டினா? நொரைச்சுப் பொங்கி, காத்தடிச்ச தோல்பையா உப்பிரும். அந்தச் சாக்குக்கு உள்ளே போற வாசலும் வெளியே வர்ற வாசலும் பக்கத்துப் பக்கத்துல. அதுக்கு அந்தாண்ட பெருங்குடல். நல்லா அகலமாப் போகும், போயி, திரும்புற எடத்துல சட்டுனு ஒடுங்கிரும். அங்கதான்யா மாட்டும்.”

“உமக்கு எப்படி ஓய் இதெல்லாம் தெரியும்? நீர் போய்ப் பாத்துட்டு வந்தீரா?”

“கப்பல்ல வரும்போது செத்துப்போற குதிரையை அறுத்துப் பாப்பேன். நடுக்கடல்ல வேற என்ன பொழுதுபோக்கு?”

“இதுக்கு வைத்தியம்?”

“வாயைக் கட்டணும். மெதுவா நடத்தணும். வெதுவெதுப்பாத் தண்ணி காட்டணும். பெறகு காத்திருக்கணும். லத்தி போட்டுச்சுன்னா பொழைச்சுது.” ராவுத்தர் குதிரையின் பிடரியைத் தடவினார். “சாயங்காலம் வரைக்கும் யாரும் அது வாயில எதையும் ஊத்தாமப் பாத்துக்க ஆவுடை. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

ஆவுடையப்பர் தாம்பாளத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எழுந்து ராஜாவின் வேட்டைக் கூடாரங்கள் அடுக்கியிருந்த கொட்டடிக்கு ஓடினார். பல்லக்குத் தூக்கிகள் முப்பது பேரைப் பிடித்தார். மூங்கில் நட்டார்கள், துணி கட்டினார்கள். உச்சிப் பொழுதுக்குள் அரண்மனை மைதானத்தில் ஒரு விசித்திரம் எழுந்து நின்றது. வாசலில் இரண்டு பக்கமும் சுண்ணாம்பில் பல் எழுதியிருந்தது. மேலே இரண்டு முறங்கள் காதுகளாக ஆடின. பார்த்த காக்கைகள் நாலு நாள் அந்தப் பக்கம் வரவில்லை.

ராஜாவும் சபையோர் அறுபது பேரும் அன்றைய காலை விருந்தை அப்போதுதான் முடித்து, ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தார்கள்.

“அரசே, குதிரையின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தாங்கள் பார்க்க வேண்டும் என்றீர்கள். எட்டிப் பார்ப்பானேன்? உள்ளேயே எழுந்தருளுங்கள். இப்போது தாங்கள் ஒரு வாய்ப் புல்.”

“புல்லா? யாம்?”

“அறுகம்புல் அரசே. பிள்ளையாருக்கே உகந்தது.”

ராஜா சமாதானமாகி உள்ளே நுழைந்தார். மீசையை மடித்துக் கழுத்தில் சுற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. உள்ளே முதல் அறை ஆறு பேர் நிற்கிற அளவு குளியல் கூடாரம். மூங்கில் தட்டிக் கதவு உள்பக்கமாகத் திறந்தது. அதைத் தாண்டி, ஐம்பது முழத்துக்குக் குறுகலான துணிச் சந்து. வளைந்து வளைந்து போனது. அதன் முடிவில் பெரிய வட்டக் கூடாரம். “இங்கே கொஞ்சம் ஊறுங்கள் அரசே” என்று ஆவுடையப்பர் ஒரு மூலையில் நிறுத்தி வைத்தார். பிறகு பக்கத்து வாசல் வழியே அகலமான பாதை, ஒரு குறுகின திருப்பம், மறுபடி நடை, வெளியே மைதானம்.

“பிரமாதம்! சுகமாக இருக்கிறதே!” என்றார் ராஜா.

“கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் சுகம்தான். புல் இப்படித்தான் போகும். இப்போது விருந்து எப்படிப் போகிறது பார்ப்போம். சபையோர் அனைவரும், ஒரே வாயில், உள்ளே போங்கள்!”

“ம், நடக்கட்டும்!” என்றார் ராஜா. ராஜா கட்டளையிட்டால் போகாமல் இருக்க முடியுமா? அறுபது பேரும் முண்டியடித்தார்கள். ராஜாவுக்கும் ஆசை விடவில்லை. தாமும் நடுவில் புகுந்தார். ஆறு பேர் நிற்கிற அறையில் முப்பது பேர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மிச்சப் பேர் சந்திலும் வட்டக் கூடாரத்திலும் பிதுங்கினார்கள். ஒருவர் தலைப்பாகை இன்னொருவர் வாயில். சேனாதிபதியின் முழங்கை புரோகிதரின் தொப்புளில். மந்திரி யார் காலையோ தம் கால் என்று நினைத்துச் சொறிந்துகொண்டிருந்தார்.

“மூச்சு முட்டுகிறது! பின்னால் போங்கள்!” என்று கத்தினார் ராஜா.

எல்லோரும் திரும்பிக் கதவைத் தள்ளினார்கள். கதவோ உள்பக்கமாகத் திறக்கிற கதவு. தள்ளத் தள்ள இன்னும் இறுக மூடிக்கொண்டது.

“கதவு திறக்கவில்லையே!”

வெளியிலிருந்து ஆவுடையப்பரின் குரல் பணிவாக வந்தது. “திறக்காது அரசே. குதிரைக்கும் அப்படித்தான். உள்ளே நெருக்கம் கூடக் கூட இறுகும்.”

“வேறு வழி?”

“முன்னால் போகிற வழி ஒன்றுதான். ஆனால் பண்டிதர் ஏதோ பன்னிரண்டு குடம் அனுப்பப் போவதாகச் சொன்னார். அதையும் இதே வாசல் வழியாக உள்ளே ஊற்றச் சொல்லட்டுமா?”

“வேண்டாம்! வேண்டாம்!” என்று அலறியது ராஜா அல்ல, பண்டிதர். அவர்தான் கதவோடு கதவாக ஒட்டி நின்றார்.

அந்த நேரம் பார்த்து முன்னால் ஒரு பெரிய முனகல் கேட்டது. வரிசையில் முதலில் போன அமிர்தகடேசர் பெருங்குடலின் குறுகிய திருப்பத்தில் சிக்கிக்கொண்டார். முன் பாதி திருப்பத்துக்கு அந்தப் பக்கம், பின் பாதி இந்தப் பக்கம். நடுப்பாதிக்கு எந்தப் பக்கமும் இடமில்லை.

“தள்ளாதீங்க! ஐயோ, தள்ளாதீங்கய்யா! நான் சாப்பிட்ட பதினேழு லட்டும் ஒண்ணு சேருது!”

பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். தள்ளத் தள்ள அவர் இன்னும் இறுகினார். வட்டக் கூடாரத்தில் நின்றவர்கள் வெக்கையில் வெந்து, விருந்தின் ஏப்பம் எல்லாம் ஒன்று கலந்து, கூடாரத் துணியே உப்பிக்கொண்டது என்று அந்த ஊரில் சொல்கிறார்கள்.

ராஜா ராஜாதான். நெருக்கடியில் அவருக்கு மூளை வேலை செய்யும். “நிறுத்துங்கள்!” என்று இடிபோல ஒரு குரல். “இனி ஒருவரும் உள்ளே வரக்கூடாது! ஒருவரும் தள்ளக்கூடாது! அமிர்தகடேசருக்குக் குடிக்க வெந்நீர் கொடுங்கள்! அவர் மெள்ள மூச்சு விட்டு, மெள்ள, மெள்ள நடக்கட்டும்!”

சொல்லி முடித்ததும் ராஜாவே வாயைப் பிளந்தபடி நின்றுவிட்டார்.

“அரசே, இதையேதான் காலையில் ராவுத்தர் சொன்னார்” என்றார் வெளியிலிருந்து ஆவுடையப்பர். “வைத்தியத்தைத் தாங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்.”

அரை நாழிகை பொறுத்து அமிர்தகடேசர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். புட்டியிலிருந்து தக்கை கழன்ற மாதிரி ஒரு சத்தம். மனிதர் மைதானத்தில் வந்து விழுந்தார். அவர் பின்னாலேயே சபை முழுவதும் உருண்டு வந்தது. கடைசியாக ராஜா, மீசை ஒரு பக்கம், கிரீடம் ஒரு பக்கம்.

“பன்னிரண்டு குடத்தையும் சாக்கடையில் கொட்டுங்கள்!” என்றார் எழுந்த உடனே.

மூன்று நாளைக்கு அந்தச் சாக்கடை பின்பக்கமாக ஓடியது. அது வேறு கதை.

ஆவுடையப்பருக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி தாம்பாளத்தில் இருந்தது. ராஜா ஒருவேளை மறந்திருப்பார் என்று நைசாக நழுவப் பார்த்தார். ஆனால் மேலெல்லாம் மண்ணாக நின்ற பண்டிதர் விடவில்லை.

“பிரபு, காட்டியது சரி. குதிரை இன்னும் பிழைக்கவில்லையே? பொழுது சாய்வதற்குள் அத்தாட்சி என்றீர்கள். ராஜ வாக்கு அல்லவா!”

ராஜாவின் முகம் சுருங்கியது. “வாக்கு வாக்குதான்” என்றார், அரை மனதாக. “சபையில் காத்திருப்போம்.”

ஆவுடையப்பர் லாயத்துக்கு ஓடினார். ராவுத்தர் இன்னும் நடத்திக்கொண்டிருந்தார். குதிரை தலையைத் தொங்கப் போட்டபடி கூடவே நடந்தது. வேர்வை மட்டும் காய்ந்திருந்தது.

“என்ன ஓய், ஏதாவது உண்டா?”

“இன்னும் இல்ல. விலாவுல காதை வச்சுக் கேளு. நல்ல வயிறுன்னா ஓயாம கடமுடன்னு பேசிக்கிட்டே இருக்கும். பேசாம இருந்தாத்தான் பயம்.”

ஆவுடையப்பர் வெதுவெதுப்பான அந்த வெள்ளை விலாவில் காதை வைத்தார். ஊரில் இல்லாத நிசப்தம். அவர் வாழ்நாள் முழுக்கப் பேசியே பிழைத்தவர். ஒரு வயிறு பேசாதா என்று இப்படித் தவம் கிடப்போம் என்று நினைத்ததே இல்லை. ஒரு காது வலித்ததும் மறு காதை வைத்தார். சூரியன் கோட்டை மதிலைத் தொட்டான். கழுத்து அரித்தது.

“ஆவுடை, எனக்காக வந்து மாட்டிக்கிட்டியே” என்றார் ராவுத்தர்.

“பேசாதேயும் ஓய். உம்ம சத்தமா அதோட சத்தமான்னு தெரியல.”

அப்போது, எங்கோ வெகு ஆழத்தில், ஒரு சின்னக் கடமுடா.

ஆவுடையப்பர் மூச்சை நிறுத்தினார். இன்னொரு கடமுடா. அப்புறம் ஆடி மாசத்து ஆறு மாதிரி ஒரு உருட்டல், ஒரு சலசலப்பு, கல்யாண வீட்டில் பாத்திரம் உருள்கிற சத்தம். ஐம்பது முழச் சந்தும் பேசியது, சாக்கும் பேசியது, குறுகலான திருப்பமும் பேசியது. சண்டமாருதம் நின்றது. வாலைத் தூக்கியது. முதலில் தன் பேருக்கு ஏற்ற ஒரு காற்று. லாயத்துக் கூரையில் இரண்டு ஓடு பெயர்ந்தது. ராவுத்தரின் தொப்பி மட்டும் பக்கத்து ஊர்ச் சந்தையில் கிடைத்தது.

பிறகு தொப்பு, தொப்பு, தொப்பு என்று விழுந்தது லத்தி.

“அல்லாவே!” என்று ராவுத்தர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. “அப்பாடா!” என்றார் ஆவுடையப்பர். பண்டிதர் பதினெட்டு வருஷம் பிழைத்த அந்த “அப்பாடா” எல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது. கழுத்து அரிப்பு, கழுவிவிட்டது போல நின்றுபோனது. குதிரையோ ஒன்றுமே நடக்காத மாதிரி ராவுத்தரின் சட்டையை முகர்ந்து புல் இருக்கிறதா என்று தேடியது.

சூரியன் பாதி இறங்கியிருந்தான். ஆவுடையப்பர் சுற்றும் முற்றும் பார்த்தார். தங்கத் தாம்பாளம் தரையில் மின்னியது. அவர் முகத்தில் மெள்ள ஒரு சிரிப்பு படர்ந்தது.

கொலுமண்டபத்தில் ராஜா சிங்காசனத்தில் உட்கார்ந்திருந்தார். திடீரென்று வாசலில் நாயனமும் தவிலும் முழங்கின. முன்னால் ராவுத்தர் வெறுந்தலையோடு வந்தார்; பின்னால் ஆவுடையப்பர் வந்தார். தலைமேல் தங்கத் தாம்பாளம், அதன்மேல் சிவப்புப் பட்டு, பட்டின் மேல் ஒரு முழம் மல்லிகை.

“தலை கழுத்தின் மேல்தானே இருக்கிறது?” என்று பண்டிதர் அமிர்தகடேசரின் காதில் கேட்டார். “அப்படியானால் தாம்பாளத்தில் என்ன?”

“வாசனை வித்தியாசமாக இருக்கிறதே” என்றார் அமிர்தகடேசர். சமையல்காரர் மூக்கு அல்லவா!

“அரசே, தங்கள் குதிரை பிழைத்தது. இதோ அத்தாட்சி. தங்கள் திருவாக்குப்படி இரு கைகளாலும் வாங்கி…”

ராஜா பரபரப்பாக எழுந்து வந்து இரண்டு கைகளாலும் வாங்கினார். பட்டை விலக்கினார். ஆவி பறந்தது.

சபை மூச்சை அடக்கியது. அடக்கத்தான் வேண்டியிருந்தது.

“என்ன இது?” என்றார் ராஜா, மெல்லிய குரலில்.

“இதைவிடப் பெரிய அத்தாட்சி ஈரேழு உலகத்திலும் இல்லை அரசே. வைத்தியர் ஓலை பொய் சொல்லலாம், ஜாதகம் பொய் சொல்லலாம், அடியேனும் சொல்லலாம். இது சொல்லாது. ஐம்பது முழச் சந்தைத் தாண்டி, சாக்கில் ஊறி, அமிர்தகடேசர் சிக்கிய அதே திருப்பத்தில் சிக்காமல், நேராகத் தங்கள் சந்நிதானத்துக்கு வந்திருக்கிறது.” சற்று நிறுத்தினார். “கண்களில் ஒற்றிக்கொள்வதாகவும் ஒரு வாக்கு இருக்கிறது. ராஜ வாக்கு என்று பண்டிதர் நினைவுபடுத்தினார்.”

ராஜா தாம்பாளத்தைப் பார்த்தார். பண்டிதரைப் பார்த்தார். மீசையின் ஒரு நுனி துடித்தது. ஆவுடையப்பரின் கழுத்தில், நின்றுபோன அந்த அரிப்பு, ஒரே ஒரு தரம் எட்டிப் பார்த்தது.

பிறகு மறு நுனியும் துடித்தது. சிரித்தார் ராஜா. சிரித்த சிரிப்பில் மீசையைத் தாங்கிய இரண்டு சேவகர்களும் அந்தரத்தில் மேலே போய்க் கீழே வந்தார்கள். மூன்று கோட்டை வாசலுக்கு அப்பால் தயிர்க்காரி பானையைப் பிடித்துக்கொண்டாள்.

“தாம்பாளத்தின் விளிம்பை ஒற்றிக்கொண்டால் போதாதா ஆவுடையப்பா?”

“தாராளமாகப் போதும் அரசே. அடியேனும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் சுமந்துவந்தேன்.”

ராஜா விளிம்பை ஒற்றிக்கொண்டார். கண்ணில் தண்ணீர். சிரித்த தண்ணீரா, நிம்மதித் தண்ணீரா, ஆவியால் வந்த தண்ணீரா என்று இன்றுவரை வழக்கு நடக்கிறது.

“உனக்கு என்ன வேண்டும், கேள்!”

“கோட்டைக்குக் கிழக்கே உள்ள புல்வெளி முழுவதையும் சண்டமாருதத்துக்கு விட்டுவிடுங்கள். பகல் முழுக்க அது கொறிக்கட்டும். சமபந்தி என்று தாங்கள் கொடுத்த வாக்கை மீற வேண்டாம். விருந்து மண்டபத்தில் அதன் இலையில் அடியேன் உட்கார்ந்துகொள்கிறேன். அடியேனுக்கு வாந்தி வரும், பயமில்லை.”

“அப்படியே ஆகட்டும்! ராவுத்தரே, குதிரை வயிற்றைப் பற்றி உம் சொல்தான் இனி எம் சொல். தாம்பாளமும் ஆவுடையப்பனுக்கே!”

“கழுவிக் கொடுக்கச் சொல்லுங்கள் அரசே.”

“பண்டிதர் கழுவுவார்” என்றார் ராஜா. “அதோடு இன்று முதல் அவர் லத்தி விசாரணை அதிகாரி. சண்டமாருதம் ஒரு நாளைக்கு எத்தனை முறை போடுகிறது, கெட்டியா இளக்கமா என்று பார்த்து, தினமும் சபையில் வந்து விண்ணப்பிக்க வேண்டும்.”

“பிரபு, அது ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தரம் போடுமாமே!” என்று அலறினார் பண்டிதர்.

“அடடே, பிடிபட்டுவிட்டதே!” என்றார் ஆவுடையப்பர். “இரண்டாவது மருத்துவமும் கற்றுக்கொண்டுவிட்டார்.”

மறுநாள் விடிந்ததும் பண்டிதர் கையில் விசிறியோடு புல்வெளி ஓரம் காத்திருந்தார். குதிரை நிதானமாக மேய்ந்தது. வயிறு கடமுட கடமுட என்று ஓயாமல் பேசியது. விருந்து மண்டபத்தில் ராஜாவுக்குப் பக்கத்து இலையில் ஆவுடையப்பர் உட்கார்ந்து, முதலில் இலையைத் தின்னலாமா என்று ராஜாவிடம் உத்தரவு கேட்டுக்கொண்டிருந்தார்.

குதிரைக்குப் புல்லாச்சு, நமக்குச் சொல்லாச்சு. கேட்டவர் வயிறெல்லாம் கல்லுக் கரைந்து சுகமாச்சு.